கம்பியில் இருக்கிற மாமாவும் ஒரு வெறும் பையும்

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்காபரோவில் எங்கட வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹைட்ரோ ஃபீல்டில் மகளுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தேன். உயரமான மின்கோபுரங்கள் வரிசையாக நிற்கும் அந்த நீளப் புல்வெளி உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் பள்ளிக்கூடம் முடிந்து குறுக்கால் நடந்து வந்த இடம், கிரிக்கெட் விளையாடிய இடம். இப்போது எங்கட பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற இடம். அப்பா கொஞ்சம் தள்ளி வாங்கில் இருந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

கிழக்குப் பக்கமாக ஒரு ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. வழக்கமாக மேலே போகிற மாதிரி இல்லை. நல்ல பதிவாக, கம்பிகளுக்குக் கிட்ட, மெதுவாக வந்தது.

அப்பா எழும்பினார். எழும்பினது மட்டுமில்லை, விறுவிறென்று மகளிடம் வந்து, தோளைப் பிடித்து, பக்கத்தில் நின்ற மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இப்போது எழுபது வயது. அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்துக் கனகாலம்.

"ஒண்டுமில்லை அப்பா, கரண்ட் லைன் பாக்க வந்திருக்கிறாங்கள்" என்றேன்.

"தெரியும்" என்றார். ஆனால் சத்தம் தேய்ந்து மறையும் வரை பேத்தியின் கையை விடவில்லை.

அப்பா 1987 இல் வடமராட்சியில் இருந்தவர். ஹெலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மே, ஜூன் மாதங்களில் அவருடைய உடம்பு படித்துவிட்டது. கனடாவில் இத்தனை வருஷம் இருந்தும் உடம்பு அதை மறக்கவில்லை. எங்கட வீடுகளில் இது புதினமான கதை இல்லை.

மகளுக்கோ வேறு யோசனை. அந்த ஹெலிகொப்டர் கம்பிக்குக் கிட்டப் போய் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பின்னேரம் அவளுக்கு இணையத்தில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். ஹெலிகொப்டரின் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. அதில் காலைத் தொங்கப் போட்டபடி ஒருவர் இருக்கிறார். கையில் ஒரு உலோகக் கோல். உயரழுத்தக் கம்பிக்குக் கிட்ட அதை நீட்டுகிறார். சடசடவென்று நீலப் பொறி பறக்கிறது. அவர் கொஞ்சமும் பதறாமல் வேலையைத் தொடங்குகிறார்.

மகள் இரண்டு கேள்வி கேட்டாள். "அந்த மாமாவுக்கு ஏன் கரண்ட் அடிக்கேல்லை?" அது முதலாவது. "அவர் விழமாட்டாரா?" அது இரண்டாவது.

முதலாவதற்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் தேடி நான் சில வாரம் வாசிக்க வேண்டியிருந்தது. அப்படி வாசித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்த வேலையே தேவைப்படுகிறது?

எங்கட வீட்டுச் சுவர் பிளக்கில் இருப்பது 120 வோல்ட். ஹைட்ரோ ஃபீல்டில் தலைக்கு மேலே போகும் கம்பிகளில் 115,000 அல்லது 230,000 வோல்ட் இருக்கும். ஒன்ராறியோவின் பெரிய தடங்களில் 500,000 வோல்ட் வரை போகிறது. ஹைட்ரோ வன் நிறுவனம் மட்டும் ஏறக்குறைய 30,000 கிலோமீற்றர் நீளமான உயரழுத்தத் தடங்களைப் பராமரிக்கிறது. அதில் பெரும் பகுதி எங்களைப் போல ஊருக்குள் இருப்பவர்களின் கண்ணில் படுவதே இல்லை. காடு, சதுப்பு, ஏரி, பாறை என்று வீதியே இல்லாத இடங்களால் போகிறது.

ஸ்காபரோவுக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. இப்போது மெடோவே என்று பூச்செடியும் சைக்கிள் பாதையுமாக மாறிவரும் வெளிக்குப் பெயர் கட்டினோ தடம். கியூபெக்கில் உள்ள கட்டினோ ஆற்றில் எடுத்த மின்சாரத்தை ரொறன்ரோவின் லீசைட் நிலையத்துக்குக் கொண்டுவர 1928 இல் போட்ட பாதை அது. எங்கட அப்பா அம்மா பிறப்பதற்கு முந்தியே இந்த வெளியால் கரண்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

கம்பியைக் கட்டிவிட்டால் வேலை முடிந்ததென்று இல்லை. காற்றில் ஆடி ஆடி இணைப்புகள் தளரும். கம்பியைக் கோபுரத்தில் தாங்கிப் பிடிக்கும் இன்சுலேட்டர்கள் வெடிக்கும். வெயிலிலும் அதிக சுமையிலும் கம்பி சூடாகி நீண்டு கீழே தொங்கும். கீழே மரம் வளர்ந்துகொண்டே இருக்கும். தொங்கும் கம்பியும் வளரும் மரமும் சந்தித்தால் என்ன நடக்கும் என்று எங்கட வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். 2003 ஓகஸ்ட் 14, பின்னேரம் 4:10.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயரழுத்தக் கம்பிகள் சில மரங்களில் பட்டு ஒவ்வொன்றாக நின்றுபோக, அதன் தொடர்ச்சியாக ஒன்ராறியோவிலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லாமல் போனது. ரொறன்ரோவில் இருந்து அவ்வளவு நட்சத்திரத்தை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா சாமித் தட்டில் இருந்த குத்துவிளக்கை எடுத்து நடு ஹோலில் வைத்துவிட்டு, "இதென்ன பெரிய விஷயம், நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள்" என்றார்.

கம்பியை யாராவது ஒழுங்காகப் போய்ப் பார்த்து, மரத்தை வெட்டி, பழுதைத் திருத்தாவிட்டால் வருவது அந்த இருட்டுத்தான். வீதி இல்லாத இடத்துக்கு லொறி போகாது. நடந்து போனால் கோபுரத்துக்குக் கோபுரம் நாள் கணக்காகும். அதனால்தான் ஹெலிகொப்டர். வெப்பக் கமராவால் சூடேறிய இணைப்பைக் கண்டுபிடிக்கவும், ஆட்களையும் சாமான்களையும் கோபுரத்தடிக்குக் கொண்டுபோகவும், சில இடங்களில் கரண்ட் ஓடும் கம்பியிலேயே நேரடியாக வேலை செய்யவும் அது பயன்படுகிறது.

அந்த மாமாவுக்கு ஏன் கரண்ட் அடிக்கேல்லை?

மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கம்பியில் குருவி இருக்கிறதே, அதுக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் உடம்புக்குள்ளால் ஓட, உடம்பின் இரண்டு இடங்களுக்கு நடுவே அழுத்த வித்தியாசம் இருக்க வேண்டும். குருவியின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால் அந்த வித்தியாசம் இல்லை. அதே குருவி ஒரு சிறகால் கம்பியையும் மற்றச் சிறகால் கோபுரத்தையும் தொட்டால் கதை முடிந்தது.

அந்த மாமா தன்னைக் குருவியாக்கிக்கொள்கிறார். நிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஹெலிகொப்டரில் அந்தரத்தில் நிற்கிறார். உலோக நூல் கலந்து நெய்த உடுப்பு அவரைத் தலை முதல் கால் வரை மூடியிருக்கும். மின்சாரம் அந்த உடுப்பின் வழியே ஓடும், உள்ளே இருக்கும் உடம்பை விட்டுவிடும். கோலை நீட்டி முதலில் பொறியை வாங்குகிறார். பிறகு ஒரு இணைப்புக் கம்பியால் ஹெலிகொப்டரையும் மின்கம்பியையும் ஒன்றாகக் கட்டுகிறார். அந்த நிமிடத்தில் இருந்து ஹெலிகொப்டர், அவர், கம்பி மூன்றும் ஒரே அழுத்தம். வேலை முடியும் வரை அதே நிலை. விலகும்போது எல்லாம் தலைகீழாக, அதே ஒழுங்கில்.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. பக்கத்துக் கம்பிக்கோ கோபுரத்துக்கோ அளவுக்கு மீறிக் கிட்டப் போனால், தொடாமலே மின்சாரம் பாயும். ஆனால் இந்த ஆபத்து எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. ஒவ்வொரு படிக்கும் விதி உண்டு. பொறி பறக்கும் இடத்தில் எந்த மனிதனுக்கும் தானாகவே கவனம் வந்துவிடும். என் மகளுக்குக்கூட வீடியோவில் அந்தப் பொறியைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது.

அவர் விழமாட்டாரா?

வாசிக்க வாசிக்க எனக்கு விளங்கியது, உண்மையான பயம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது.

பறக்கும்போது எஞ்சின் நின்றால் ஹெலிகொப்டர் கல்லு மாதிரி விழும் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. உயரமும் வேகமும் போதுமானதாக இருந்தால், கீழிருந்து வரும் காற்றே மேல் விசிறியைச் சுழற்றும். அந்தச் சுழற்சியை வைத்து விமானி மெதுவாகத் தரையில் இறக்கலாம். ஒவ்வொரு ஹெலிகொப்டர் விமானியும் இதைப் பழகித்தான் உரிமம் எடுக்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், இதற்கு உயரம் வேண்டும், இல்லையென்றால் வேகம் வேண்டும். இரண்டும் இல்லாமல், நிலத்தில் இருந்து சில பத்து மீற்றர் உயரத்தில் அசையாமல் நிற்கும்போது எஞ்சின் கைவிட்டால் தப்புவதற்கு நேரம் இல்லை. எந்த உயரத்தில் எந்த வேகம் ஆபத்து என்று காட்டும் வரைபடம் ஒவ்வொரு ஹெலிகொப்டரின் கையேட்டிலும் இருக்கும். அந்த ஆபத்தான பகுதிக்கு விமானிகள் தங்களுக்குள்ளே வைத்திருக்கும் பெயரின் பொருள் 'செத்தவன் வளைவு'. மற்ற விமானிகள் அதற்குள் போகாமல் தப்பிக்கொள்வார்கள். கம்பி வேலைக்குப் போகிறவரின் அலுவலகமே அந்த வளைவுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து கம்பிகளேதான். கோபுரத்தின் உச்சியில், மின்னலைத் தாங்குவதற்காக மெல்லிய கம்பி ஒன்று போகும். வானத்தின் நிறத்தோடு கலந்துவிடும், கிட்டப் போனாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு தடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு போகும்போது, குறுக்கே வரும் வேறொரு தடம் கவனத்தில் இருந்து தவறிவிடலாம். இதற்காகவே பல ஹெலிகொப்டர்களின் மூக்கில் கம்பியை வெட்டும் கத்தி பொருத்தியிருக்கிறார்கள். அது எல்லா மோதலிலும் காப்பாற்றாது.

மூன்றாவது, வாலில் இருக்கும் சின்ன விசிறி. மேல் விசிறி ஒரு பக்கம் சுழல, ஹெலிகொப்டரின் உடம்பு மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து நேராக வைத்திருப்பது வால் விசிறி. பார்க்கச் சின்னது, வேகமாகச் சுழல்வது. அதில் ஏதாவது பட்டால் ஹெலிகொப்டர் கட்டுப்பாட்டை இழக்கும். இந்த மூன்றாவதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ட்வீட், 2017 டிசம்பர் 14

401 இல் கிழக்கே போய், பெல்வில்லில் வடக்கே திரும்பினால் ட்வீட் என்ற சின்ன ஊர் வரும். ஒட்டாவாவுக்கு நெடுஞ்சாலை 7 ஆல் போகிறவர்களும் அந்தப் பக்கத்தால்தான் போவார்கள். மரமும் ஏரியும் பாறையுமான இடம்.

2017 டிசம்பர் 14, வியாழக்கிழமை. ஹைட்ரோ வன் நிறுவனத்தின் சொந்த ஹெலிகொப்டர் ஒன்று அங்கே மின்கோபுர வேலைக்காகப் பறந்துகொண்டிருந்தது. ஏஎஸ்350 வகை, ஒற்றை எஞ்சின். மின்கம்பித் தொழிலாளர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, எல்லாரும் கூடும் இடத்துக்குத் திரும்பி வந்தது. இறங்குவதற்குக் கிட்ட வந்த நேரத்தில் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. விமானியும் அந்த மூன்று பேரும் இறந்துபோனார்கள். கிறிஸ்மசுக்குப் பதினொரு நாள் இருந்தது.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இதை விசாரித்தது. நான் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என் மனதில் இருந்தது மின்சாரம்தான். கம்பியில் பட்டிருக்கும், பொறி பாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அல்லது எஞ்சின் நின்றிருக்கும்.

இரண்டும் இல்லை. ஹெலிகொப்டரின் வெளிப்பக்கத்தில் ஒரு பை கொழுக்கியில் மாட்டியிருந்தது. வெறும் பை. பறக்கும்போது அது கழன்று காற்றில் போய் வால் விசிறியில் பட்டது. வால் விசிறி சேதமானது. அதோடு ஹெலிகொப்டரும் விமானியின் கையை விட்டுப் போனது. பின்னால் வந்த மூன்று பேரும் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. ஹெலிகொப்டர் நிலத்தில் மோதுவதற்கு முதலே அவர்கள் வெளியே விழுந்துவிட்டார்கள்.

இதை வாசித்த இரவு எனக்குக் கனநேரம் நித்திரை வரவில்லை. ஆபத்தான வேலையை உயரத்தில் செய்துவிட்டு வந்தவர்கள். மின்சாரத்தோடும் உயரத்தோடும் குளிரோடும் பழகியவர்கள். அவர்களைக் கொண்டுபோனது ஒரு வெறும் பை.

பை நிறைந்து இருந்திருந்தால் அதன் பாரமே அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். வெறுமையாக இருந்தபடியால் பட்டம் மாதிரி காற்றில் எழும்பும். சாமான் உள்ள பையை எல்லாரும் கவனமாகக் கட்டுவார்கள். வெறும் பையை யார் கவனிப்பார்? அவர்கள் ஏன் பெல்ட் போடவில்லை என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் ஒரு ஊகம் வருகிறது. ஒரு நாளில் எத்தனையோ முறை ஏறி இறங்குகிறவருக்கு ஒவ்வொரு பயணமும் சில நிமிடம்தான். டிசம்பர்க் குளிருக்குத் தடித்த உடுப்பு. 'இந்தா வந்திட்டுது' என்ற தூரம். அந்த நிலையில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நானும் போட்டிருக்க மாட்டேன்.

கணினிக்காரனுக்குத் தெரிந்த கதை

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். என் கையில் யாருடைய உயிரும் இல்லை. இருந்தாலும் இந்தக் கதை எனக்கு மிகவும் தெரிந்த கதையாகப் பட்டது.

முன்பு நான் வேலை செய்த ஒரு இடத்தில் பெரிய மாற்றம் ஒன்றை வெளியிட்டோம். மூன்று மாதத் தயாரிப்பு. நாலு பேர் வரிக்கு வரி பார்த்தார்கள். ஒத்திகையும் நடந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது. அடுத்த நாள், அதைச் சுத்தப்படுத்தும் சின்ன வேலையாக அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை நான் மாற்றினேன். யாரிடமும் காட்டவில்லை. அரை மணித்தியாலத்தில் முழு இணையத்தளமும் விழுந்தது. பெரிய மாற்றத்துக்குப் பயந்து கவனமாக இருந்தோம். சின்ன மாற்றத்துக்குப் பயமே இல்லை, அதனால் கவனமும் இல்லை.

2003 இருட்டின் பின்னாலும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. ஒஹாயோவில் கம்பிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகத் தொடங்கியபோது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய மென்பொருள் அதற்கு முன்னரே செயலிழந்து போயிருந்தது. இரண்டு வேலைகள் ஒரே தகவலை ஒரே நேரத்தில் மாற்றப் போனதால் வந்த பிழை அது. எங்கட தொழிலில் மிகவும் பழைய பிழை, மாணவர்களுக்கே சொல்லிக் கொடுக்கிற பிழை. அலாரம் அடிக்காதபடியால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எங்களைப் பயப்படுத்தும் ஆபத்தைச் சுற்றி நாங்கள் வேலி கட்டுகிறோம். விதி எழுதுகிறோம், உடுப்புத் தைக்கிறோம், நாலு பேரை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறோம். அது வேலையும் செய்கிறது. பயப்படுத்தாத ஆபத்தைச் சுற்றி வேலி இல்லை. ட்வீட்டில் வேலை முடிந்திருந்தது, திரும்பி வருவது மட்டும்தான் மிச்சம். அந்த மிச்சத்துக்குள்தான் வெறும் பையும் பூட்டாத பெல்ட்டும் இருந்தன.

ட்ரோன் வந்துவிட்டதே?

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "உதெல்லாம் இனி ட்ரோன் செய்யுமடா" என்றார். ஒரு பங்கு உண்மைதான். பார்த்துவிட்டு வரும் வேலையில் பாதியை ட்ரோன்கள் எடுத்துக்கொள்ளலாம். கமரா, வெப்பக் கமரா, லேசரால் மரத்தின் உயரத்தை அளக்கும் கருவி எல்லாவற்றையும் ட்ரோன் தூக்கும். பக்கத்தில் கியூபெக்கில், ஹைட்ரோ கியூபெக்கின் ஆராய்ச்சி நிலையம் கம்பியின் மேலேயே ஊர்ந்து போகும் ரோபோக்களைச் செய்திருக்கிறது. லைன்ஸ்கவுட் என்று ஒன்று, லைன்றேஞ்சர் என்று இன்னொன்று. கம்பியில் வரும் தடைகளைத் தாண்டிப் போகவும் அவற்றுக்குத் தெரியும்.

ஆனால் பார்ப்பது வேறு, திருத்துவது வேறு. பாரமான இன்சுலேட்டர் சரத்தைக் கழற்றி மாற்றுவது, உறைபனி மழையில் முறிந்த கோபுரத்துக்குப் போவது, நூறு கிலோமீற்றர் தள்ளிக் காட்டுக்குள் ஆட்களை இறக்குவது எல்லாம் இன்னும் மனிதர் செய்யும் வேலை. 2013 டிசம்பர் உறைபனிப் புயலை நினைத்துப் பாருங்கள். ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 300,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில வீடுகளுக்கு கிறிஸ்மஸ் தாண்டியும் வரவில்லை. அன்றைக்கு ஊர்த் தெருக்களில் வாளி லொறியில் ஏறிக் கம்பியைத் திரும்பக் கட்டியது ஆட்கள்தான்.

இந்த ஆட்கள் யார் என்று எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வதில்லை. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற பட்டியலில் மின்கம்பித் தொழிலாளி இல்லை. எங்கட அப்பாக்கள் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவு வேலை செய்து எங்களைப் படிப்பித்தார்கள். தங்கட உடம்பு பட்ட பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்தார்கள். அதில் பிழையில்லை. ஆனால் அந்த நினைப்பில், உடம்பால் வேலை செய்கிறவரின் மூளையையும் பயிற்சியையும் நாங்கள் காணாமல் விடுகிறோம். ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். என் முதுகலைப் பட்டத்துக்கு நான் செலவழித்ததை விடக் கூடிய காலம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

ஹைட்ரோ ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குச் சில விஷயம் உண்மையாகவே தேவை. அந்த வெளியில் பட்டம் ஏற்ற வேண்டாம், ட்ரோன் பறக்க விட வேண்டாம். பிறந்தநாளுக்கு வாங்கும் மினுமினு பலூனை வெளியில் பறக்க விட வேண்டாம். அதன் உலோகப் பூச்சு கம்பியில் பட்டால் மின்சாரம் பாயும்.

கம்பி அறுந்து நிலத்தில் கிடந்தால், அது பொறி பறக்காமல் சும்மா கிடந்தாலும், குறைந்தது 10 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொன்னால், ஒரு ஸ்கூல் பஸ்ஸின் நீளம். பிறகு 911. கம்பி உங்கட கார் மேலே விழுந்தால் காருக்குள்ளேயே இருங்கள். இறங்க ஓடாதீர்கள். இறங்கும்போது ஒரு கால் காரிலும் மற்றக் கால் நிலத்திலும் இருந்தால் குருவிக்கு நடக்கக் கூடாதது உங்களுக்கு நடக்கும். காரில் தீப்பிடித்தால் மட்டும், காரையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் அரக்கி அரக்கித் தள்ளிப் போக வேண்டும்.

இதெல்லாம் பயமான விஷயம். பயமானபடியால் பிள்ளைகள் ஒரு முறை கேட்டாலே மறக்க மாட்டார்கள். நான் இப்போது கூடக் கவனிப்பது பயமில்லாத விஷயங்களைத்தான். கோயிலால் வரும்போது வீட்டுக்கு இரண்டு தெரு இருக்க, "இந்தா வந்திட்டம்தானே" என்று மகள் பெல்ட்டைக் கழற்றுவாள். முன்பு நான் ஒன்றும் சொல்வதில்லை. இப்போது காரை ஓரத்தில் நிறுத்திவிடுவேன். கூரையில் கட்டின சாமானை விட, பின்னால் சும்மா போட்டிருக்கும் வெறும் கூலர் பெட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன். மனைவிக்கு இது சிரிப்பு.

மகளின் இரண்டாவது கேள்விக்கும் ஒருவழியாகப் பதில் சொன்னேன். "அவர் விழாமல் இருக்க நிறைய ஆக்கள் யோசிச்சு நிறைய ஒழுங்கு செய்திருக்கினம். எண்டாலும் சில நேரம் ஒரு சின்ன விஷயத்தை மறந்தால் விழுவினம். ஒருக்கா அப்பிடி நடந்தது." அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவையளுக்குப் பிள்ளையள் இருந்தவையோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நாலு பேருக்கும் வீடு என்று ஒன்று இருந்திருக்கும், அன்றைக்கு இரவு அங்கே யாரோ காத்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ட்வீட் கதை முழுவதையும் பிறகு அவருக்கும் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப் போனது. "ஹெலியை நான் எப்பவும் கீழ நிண்டுதான் பாத்தனான்" என்றார் கடைசியில். "உள்ளுக்க இருக்கிறவனும் விழுவான் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை."

இலையுதிர் காலத்தில் அந்த ஹெலிகொப்டர் திரும்பவும் வந்தது. அதே தடம், அதே மெதுவான சத்தம். அப்பா அன்றைக்கும் எழும்பி நின்றார். அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் மரத்தடிக்குப் போகவில்லை. கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அது கோபுரம் கோபுரமாக நின்று நின்று போவதைப் பார்த்தார். பேத்தியும் அவரைப் போலவே கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அப்பப்பா, அவையள் பெல்ட் போட்டிருப்பினமோ?" என்றாள்.

"போட்டிருக்க வேணும், பிள்ளை" என்றார் அப்பா. "போட்டிருக்க வேணும்."